ஆறு கொள்கைகளில் தேறியவை எத்தனை?
பேராசிரியர் ஆண்டர்சனின் மீக்கடத்தி நூல்: ஒரு மதிப்பீடு



இளங்கலை மூன்றாம் ஆண்டு வகுப்பில் மீக்கடத்துத்திறன் பற்றிய பாடத்தை முடிக்கும் நாளில், ஆண்டு தவறாமல் ஒரு கேள்வி எழும். “பாதரசத்திற்குச் சொன்ன விளக்கம்தான் தாமிர ஆக்சைடுகளுக்கும் பொருந்துமா, சார்?” என்று யாராவது ஒரு மாணவர் கேட்பார். பாடநூலின் கடைசிப் பக்கத்தில் உயர் வெப்பநிலை மீக்கடத்திகளின் பெயர்களும் அவற்றின் மாறுநிலை வெப்பநிலைகளும் கொண்ட அட்டவணை ஒன்று இருக்கும். விளக்கம் இராது. நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த முதல் இரண்டு ஆண்டுகள், “ஆம், ஏறக்குறைய அதே விளக்கந்தான்” என்று சொல்லி வைத்தேன். அது தவறு என்று பிறகு தெரிந்தது. அடுத்த சில ஆண்டுகள், “இன்னும் ஆராய்ச்சி நடந்துகொண்டிருக்கிறது” என்று சொல்லி, மணி அடிக்கக் காத்திருந்தேன். அது பொய்யன்று, ஆனால் ஓர் ஆசிரியர் சொல்லக்கூடிய முழு உண்மையும் அன்று.

இந்த நிலையில்தான் பேராசிரியர் பிலிப் ஆண்டர்சன் எழுதிய, “உயர் வெப்பநிலை தாமிர ஆக்சைடுகளில் மீக்கடத்துத்திறனின் கொள்கை” என்று பொருள்படும் தலைப்புடைய ஆங்கில நூலை எடுத்துப் படித்தேன். 1997-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பதிப்பகம் அதை வெளியிட்டபோது நான் தொடக்கப் பள்ளி மாணவன். அத்தனை பழைய நூலுக்கு இன்று என்ன மதிப்பீடு என்று நீங்கள் கேட்கலாம். புதிய நூலை மதிப்பிடுபவர் ஆசிரியரின் வாதத்தை மட்டுமே எடை போட முடியும். இந்த நூல் சொன்னவற்றுக்கோ இயற்கையே விடைத்தாள் திருத்திவிட்டது. மதிப்பெண்களைக் கூட்டிப் பார்ப்பதே நம் வேலை.

நூலாசிரியர் சாதாரணமானவர் அல்லர். 1923-இல் பிறந்து 2020-இல் மறைந்த ஆண்டர்சன், மோட், வான் விளக் ஆகியோருடன் 1977-ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். திண்மநிலை இயற்பியலில் அவர் தொடாத துறை குறைவு. அத்தகைய ஒருவர் எழுதியதைக் கல்லூரி ஆசிரியர் ஒருவர் குறைகூறலாமா? கூறலாம். ஏன் என்பதை இறுதியில் நீங்களே காண்பீர்கள்.

பழைய விளக்கம்

முதலில் பழைய கதையைச் சுருக்கமாக நினைவுபடுத்திக் கொள்வோம். 1911-இல் ஹாலந்து நாட்டின் லைடன் நகரில் காமர்லிங் ஆன்ஸ் பாதரசத்தைக் குளிர்வித்தபோது, சுமார் 4.2 கெல்வினில் அதன் மின்தடை திடீரென மறைந்தது. 46 ஆண்டுகளுக்குப் பின், 1957-இல், பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் ஆகிய மூவரும் அதற்கு விளக்கம் தந்தனர். அவர்களுடைய பெயர்களின் முதலெழுத்துகளால் அது பி.சி.எஸ். கொள்கை எனப்படுகிறது.

உலோகத்தினுள் ஓர் எலெக்ட்ரான் விரைந்து செல்லும்போது, சுற்றியுள்ள நேர்மின் அயனிகள் அதன்பால் சற்றே ஈர்க்கப்படுகின்றன. அயனிகள் கனமானவை, ஆகவே மெதுவாக நகர்பவை. எலெக்ட்ரான் கடந்து வெகுதூரம் போன பின்னும் அவ்விடத்தில் நேர்மின் நெரிசல் சிறிது நேரம் நீடிக்கிறது. அந்த நெரிசல் வேறோர் எலெக்ட்ரானைக் கவர்கிறது. இவ்வாறு இரண்டு எலெக்ட்ரான்கள் இணையாகின்றன. இந்த இணைகள் யாவும் ஒரே குவாண்டம் நிலையில் திரண்டு, தடையின்றி ஓடுகின்றன. அயனிகளின் அதிர்வே இங்குப் பசை. 1950-இல் பாதரசத்தின் வெவ்வேறு ஐசோடோப்புகளைக் கொண்டு சோதித்தபோது, அணுவின் கனம் கூடக்கூட மாறுநிலை வெப்பநிலை குறைந்தது இதற்கு நல்ல சான்றாகும்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். எலெக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்குபவை. அவை எப்படி இணையாக வாழ்கின்றன? ஒன்று போன பிறகே மற்றொன்று அவ்விடத்திற்கு வருகிறது. காலத்தால் ஒதுங்கிக்கொள்வதால் விலக்குவிசையின் தாக்கம் குறைகிறது. எனவே பழைய மீக்கடத்திகளில் விலக்குவிசையை ஒரு சிறு திருத்தமாகக் கருதிக் கணக்கிட முடிந்தது.

இந்தப் பசைக்கு எல்லை உண்டு என்று பலர் நம்பினர். 1973-இல் நியோபியம்-ஜெர்மானியம் கலவை 23 கெல்வினைத் தொட்டது. அதற்கு மேல் பதின்மூன்று ஆண்டுகள் நகரவில்லை. 1986-இல் சூரிச் நகருக்கருகிலுள்ள ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் பெட்னார்ஸ், முல்லர் இருவரும் லாந்தனம், பேரியம், தாமிரம் கலந்த ஆக்சைடு ஒன்றில் 30 கெல்வின் அளவில் மீக்கடத்தலின் அறிகுறியைக் கண்டனர். 1987 தொடக்கத்தில் இட்ரியம்-பேரியம்-தாமிர ஆக்சைடு 90 கெல்வினைத் தாண்டியது. 77 கெல்வினில் கொதிக்கும் திரவ நைட்ரஜனே போதும் என்ற நிலை வந்தது. 1993-இல் பாதரசம் கலந்த தாமிர ஆக்சைடு 130 கெல்வினையும் கடந்தது. மட்பாண்டம் போன்ற நொறுங்கும் பொருள் உலோகங்களை எல்லாம் வென்றுவிட்டது!

இப்புதிய பொருள்களிலும் மின்னோட்டத்தைச் சுமப்பவை எலெக்ட்ரான் இணைகளே என்பது 1987-லேயே காந்தப் பாய அளவீடுகளால் உறுதியாயிற்று. ஆனால் இட்ரியம் சேர்மத்தில் ஆக்சிஜனின் ஐசோடோப்பை மாற்றிப் பார்த்தபோது மாறுநிலை வெப்பநிலை ஏறக்குறைய மாறவே இல்லை. இணை உண்டு, பழைய பசையைத்தான் காணோம்.

பந்தியில் நடப்பது

ஆண்டர்சனின் நூல் இந்த இடத்தில்தான் தன் வழக்கைத் தொடங்குகிறது. அதைப் புரிந்துகொள்ள, கலப்பு எதுவும் சேராத லாந்தனம்-தாமிர ஆக்சைடைப் பார்ப்போம். இதில் தாமிரமும் ஆக்சிஜனும் சதுரக் கட்டங்களாலான தளங்களில் அமைந்துள்ளன. ஒவ்வொரு தாமிர அயனியின் மேல்மட்ட ஆர்பிட்டலிலும் ஓர் எலெக்ட்ரான் இருக்கிறது. அங்கே இரண்டுக்கு இடமுண்டு. பாடநூலின் ஆற்றல்பட்டைக் கொள்கைப்படி, பாதி நிரம்பிய பட்டையுடைய பொருள் உலோகமாக இருக்கவேண்டும். உண்மையில் இப்பொருள் மின்சாரத்தைக் கடத்தாத மின்காப்பான்! எலெக்ட்ரான்களை நகர்த்த ஏறக்குறைய 2 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் தேவைப்படுகிறது.

ஏன் இப்படி? கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். இலைக்கு ஒருவராக எல்லோரும் உட்கார்ந்துவிட்டனர். “ஓர் இலையில் இருவர் உட்காரலாம், ஆகவே பாதி இடம் காலி, யார் வேண்டுமானாலும் எங்கும் நகரலாம்” என்று மேலிருந்து கணக்குப் போடுபவர் சொல்வார். பந்தியில் இருப்பவருக்குத் தெரியும், ஓர் இலையில் இருவர் உண்பது எவ்வளவு சங்கடம் என்று. எனவே ஒருவரும் நகர்வதில்லை. எவராவது ஒருவர் எழுந்து போனால்தான், காலியான இலைக்குப் பக்கத்தவர் நகர, அவர் இடத்துக்கு அடுத்தவர் நகர, ஓட்டம் தொடங்கும்.

மேலிருந்து கணக்குப் போட்டவர்தான் ஆற்றல்பட்டைக் கொள்கை. அது ஒவ்வோர் எலெக்ட்ரானையும் தனித்தனியே, மற்றவற்றின் சராசரி மண்டலத்தில் செல்வதாகக் கருதுகிறது. ஓர் எலெக்ட்ரான் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து மற்றது எங்கே இருக்கலாம் என்பது தீர்மானமாகும் நிலையை அது காண்பதில்லை. இந்தப் பரஸ்பரத் தொடர்பைத்தான் எலெக்ட்ரான் ஒட்டுறவு என்கிறோம். விலக்குவிசையால் உறைந்துபோன இத்தகைய பொருளை, 1937 முதலே இச்சிக்கலைச் சிந்தித்த நெவில் மோட்டின் பெயரால் மோட் காப்பான் என அழைக்கிறார்கள். 1963-இல் ஹப்பர்டு இதற்கு ஓர் எளிய கணித மாதிரி அமைத்தார். அதில் இரண்டே எண்கள்: பக்கத்து இடத்திற்குத் தாவும் ஆற்றல் ஒன்று, ஓரிடத்தில் இருவர் அமர்வதற்கான தண்டனை மற்றொன்று. எழுதுவதற்கு ஒரு வரி போதும். தீர்ப்பதற்கு அறுபது ஆண்டுகள் போதவில்லை.

லாந்தனத்தின் ஒரு பகுதிக்குப் பதிலாக ஸ்ட்ரான்ஷியத்தைச் சேர்த்தால், தளத்திலிருந்து சில எலெக்ட்ரான்கள் வெளியேறுகின்றன. அதாவது பந்தியிலிருந்து சிலர் எழுகின்றனர். தாமிர அணு நூற்றுக்குச் சுமார் 5 எலெக்ட்ரான் குறைந்ததும் மீக்கடத்தல் தலைகாட்டுகிறது. சுமார் 16 குறைகையில் உச்சத்தை எட்டுகிறது. 27 அளவில் மறைந்துவிடுகிறது. எலெக்ட்ரான்கள் ஒன்றையொன்று கடுமையாக விலக்கும் பொருளில்தான் அவை மிக உறுதியாக இணைகின்றன என்பதே இத்துறையின் புதிர்.

நூலின் ஆறு கொள்கைகள்

ஆண்டர்சன் தம் வாதத்தை ஆறு மூலக் கொள்கைகளாக வகுக்கிறார். அவற்றுக்கு அவர் இட்ட பெயர் டாக்மா. தமிழில் இச்சொல்லை வறட்டுக் கொள்கை என்று பெயர்ப்போரும் உண்டு. சற்று விளையாட்டாகவே அவர் இப்பெயரைச் சூட்டியிருக்கலாம். ஆறும் சுருக்கமாக இவை:

ஒன்று, மீக்கடத்தலுக்குக் காரணமான எலெக்ட்ரான்கள் தாமிர-ஆக்சிஜன் தளங்களிலேயே உள்ளன. இரண்டு, காந்தத்தன்மைக்கும் மீக்கடத்தலுக்கும் காரணம் அதே எலெக்ட்ரான்கள்தாம். மூன்று, அவற்றிடையே மேலோங்கி நிற்பது விலக்குவிசை. நான்கு, மாறுநிலை வெப்பநிலைக்கு மேல் இப்பொருள் வழக்கமான உலோகம் அன்று. அங்கே எலெக்ட்ரானின் மின்னூட்டமும் தற்சுழற்சியும் பிரிந்து தனித்தனியே திரிகின்றன. ஐந்து, அந்நிலையில் எலெக்ட்ரான்கள் தத்தம் தளத்திற்குள்ளேயே அடைபட்டுள்ளன. அடுத்த தளத்திற்கு ஒழுங்கான அலையாகச் செல்ல இயலாது. ஆறு, தனி எலெக்ட்ரானுக்கு மறுக்கப்பட்ட அந்த வழி, இணைகளுக்குத் திறக்கிறது. தளங்களுக்கிடையே இணைகள் தாவுவதால் கிடைக்கும் ஆற்றல் ஆதாயமே உயர் வெப்பநிலை மீக்கடத்தலின் முதன்மைக் காரணம்.

இனி விடைத்தாளைத் திருத்துவோம்.

தேறிய மூன்று

முதல் மூன்றும் தேறிவிட்டன. தாமிர-ஆக்சிஜன் தளமே களம் என்பதை இன்று மறுப்பார் அரிது. விலக்குவிசையைச் சிறு திருத்தமாகக் கருதிவிட்டு இப்பொருளை விளக்க முடியாது என்பதும் நிலைபெற்றுவிட்டது. இதற்கு அழகிய சான்று 1994-இல் கிடைத்தது. ஐ.பி.எம். நிறுவனத்தின் ட்சுய், கிர்ட்லி ஆகியோர், மூன்று படிகத் திசைகள் சந்திக்கும் இடத்தில் இட்ரியம் சேர்மத்தாலான நுண்வளையம் ஒன்றை அமைத்தனர். அதில் முழுக் குவாண்டத்துக்குப் பதிலாக அரைக் குவாண்டம் காந்தப் பாயம் தானாகவே தோன்றியது. இணையின் அலைச்சார்பு நான்கு இதழ்ப் பூவைப் போன்ற டி வடிவமுடையது, அடுத்தடுத்த இதழ்கள் எதிர்க்குறி கொண்டவை என்பதற்கு இது உறுதியான சான்று.

அந்த வடிவத்தின் பொருள் என்ன? பூவின் நடுவே மதிப்பு சுழி. அதாவது, இணையின் இரு எலெக்ட்ரான்களும் ஒரே இடத்தில் இருக்க வாய்ப்பே இல்லை. பழைய மீக்கடத்தியில் எலெக்ட்ரான்கள் காலத்தால் ஒதுங்கிக்கொண்டன; இங்கே இடத்தால் ஒதுங்கிக்கொள்கின்றன. ஓர் இலையில் இருவர் அமராமலே, பக்கத்துப் பக்கத்து இலைக்காரர்கள் சோடி சேர்கிறார்கள். பாதரசத்திற்கும் தாமிர ஆக்சைடுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரே வாக்கியத்தில் கேட்கும் மாணவருக்கு நான் இன்று சொல்லும் விடை இதுதான்.

கோலாட்டமும் பெங்களூரும்

இரண்டாம் கொள்கைக்குப் பின்னே ஒரு வரலாறு உண்டு. அதில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. பக்கத்துப் பக்கத்து எலெக்ட்ரான்களின் தற்சுழற்சி எதிரெதிராக இருந்தால், ஒன்று மற்றதன் இடத்துக்குக் கணநேரம் எட்டிப் பார்த்துத் திரும்ப பவுலி விதி அனுமதிக்கிறது. அதனால் ஆற்றல் சிறிது குறைகிறது. ஒரே திசையில் இருந்தால் அந்த அனுமதி இல்லை. ஆகவே எதிரெதிராக நிற்பதே அவற்றுக்கு ஆதாயம். தாமிர ஆக்சைடில் இந்த ஆற்றல் ஏறக்குறைய 0.13 எலெக்ட்ரான் வோல்ட். வெப்பநிலைக் கணக்கில் சுமார் 1500 கெல்வின். மீக்கடத்தலுக்கு வேண்டிய ஆற்றலைவிட மிகப் பெரிய அளவு இது. விலக்குவிசையின் வயிற்றிலிருந்தே இணைக்கும் விசை பிறக்கிறது!

1973-லேயே ஆண்டர்சன், முக்கோணக் கட்டமைப்புள்ள காந்தப் பொருள்களுக்கு ஒரு கருத்தை முன்வைத்திருந்தார். வேதியியலில் பென்சீன் வளையத்தைப் படித்திருப்பீர்கள். அதன் இரட்டைப் பிணைப்புகள் ஓரிடத்தில் நிலைத்து நில்லாமல், பல அமைப்புகளின் உடனிசைவாக இருப்பதுபோல, எலெக்ட்ரான் சோடிகளும் ஓயாமல் துணை மாற்றிக்கொண்டிருக்கலாம் என்றார். நம் ஊர்க் கோலாட்டத்தில் ஒவ்வோர் அடிக்கும் ஆடுபவர் துணை மாற்றுவதை நினைத்துக்கொள்ளுங்கள். எந்நேரமும் எல்லோருக்கும் துணை உண்டு; நிலையான துணை எவருக்கும் இல்லை. இதுவே உடனிசைவு இணைதிறப் பிணைப்பு நிலை, சுருக்கமாக ஆர்.வி.பி. நிலை.

1987 சனவரியில் பெங்களூரில் நடந்த ஒரு சர்வதேச மாநாட்டில், இக்கருத்தைப் புதிய மீக்கடத்திகளுக்குப் பொருத்தி ஆண்டர்சன் பேசினார். காப்பானில் ஏற்கெனவே சோடிகள் உள்ளன. இடநெரிசலால் ஓட முடியவில்லை. சில எலெக்ட்ரான்களை நீக்கி வழிவிட்டால் அதே சோடிகள் மீக்கடத்தும் இணைகளாகிவிடும் என்பதே சாரம். அதே ஆண்டு, சென்னை கணித அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த கணபதி பாஸ்கரன், சூ, ஆண்டர்சன் ஆகிய மூவரும் இக்கருத்துக்கு முதற் கணித வடிவம் தந்த ஆய்வுரையை வெளியிட்டனர். இத்துறையில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் கட்டுரைகளுள் அதுவும் ஒன்று.

இங்கும் இயற்கை ஒரு திருத்தம் செய்தது. கலப்பில்லாத லாந்தனம்-தாமிர ஆக்சைடில் கோலாட்டம் நடக்கவில்லை. எலெக்ட்ரான்களின் தற்சுழற்சிகள் மேல், கீழ், மேல், கீழ் என்று படை அணிவகுப்புப்போல நிலையாக நிற்கின்றன என்பதை 1987-லேயே நியூட்ரான் சிதறல் சோதனைகள் காட்டின. ஆனால் தாமிர அணு நூற்றுக்கு இரண்டு எலெக்ட்ரான்கள் குறைந்தாலே அணிவகுப்பு கலைந்துவிடுகிறது. எனவே காந்தத்தன்மையும் மீக்கடத்தலும் ஒரே எலெக்ட்ரான்களின் இரு முகங்கள் என்ற கொள்கைக்கு ஊறு நேரவில்லை.

மறுதேர்வு எழுதவேண்டிய இரண்டு

நான்காம் கொள்கையின் முற்பாதி சரி. நல்ல கலப்புள்ள தாமிர ஆக்சைடுகளில் மின்தடை வெப்பநிலைக்கு நேர் விகிதத்தில் உயர்ந்துகொண்டே போகிறது. 1987-இல் வெளியான அளவீடுகளில் லாந்தனம் சேர்மத்தில் ஏறக்குறைய 1000 கெல்வின் வரையிலும் இந்த நேர்கோடு வளையவில்லை. வழக்கமான உலோகம் இப்படி நடந்துகொள்ளாது. ஆனால் பிற்பாதி, அதாவது மின்னூட்டமும் தற்சுழற்சியும் பிரிகின்றன என்பது, ஒற்றைப் பரிமாணக் கம்பிக்கே கணிதத்தால் நிறுவப்பட்டது. அதை இரு பரிமாணத் தளத்துக்கு நீட்டும்போது நூல் தரும் வாதம் நிரூபணம் ஆகவில்லை. 2007-இல் குறைந்த கலப்புள்ள இட்ரியம் சேர்மத்தில், வலிமையான காந்தப் புலத்தில், வழக்கமான உலோகங்களுக்கே உரிய குவாண்டம் அலைவுகள் தென்பட்டன. அங்கேயாவது எலெக்ட்ரான் உடையாமல் முழுதாகவே இருப்பதுபோல் தெரிகிறது.

ஐந்தாம் கொள்கைக்கும் இதே கதி. பல தாமிர ஆக்சைடுகளில் தளத்திற்குக் குறுக்கே மின்கடத்தல் மிக மோசம் என்பது உண்மை. ஆனால் 2003-இல், கலப்பு மிகுந்த தாலியம் சேர்மம் ஒன்றில், எலெக்ட்ரான்கள் மூன்று பரிமாணங்களிலும் ஒழுங்கான அலையாகச் செல்வதை அளவீடு ஒன்று காட்டியது. எனவே அடைபடுதல் எங்கும் பொருந்தும் விதி அன்று. இவ்விரண்டையும் தோல்வி என்று எழுத எனக்கு மனமில்லை. தேர்ச்சி என்று எழுத நேர்மை இடந்தரவில்லை.

தோற்ற ஆறாவது

இப்போது நூலின் உயிர்நாடிக்கு வருவோம். தளத்திற்குத் தளம் இணைகள் தாவுவதே மீக்கடத்தலுக்கு ஆற்றல் தருகிறதென்றால், அதிலிருந்து தப்பமுடியாத ஒரு விளைவு உண்டு. தளங்களுக்கு இணையாக ஒரு காந்தப் புலத்தை வைத்தால், அதைத் தடுக்கும் மின்னோட்டங்கள் தளம் விட்டுத் தளம் பாயவேண்டும். தாவல் வலிமையாக இருந்தால் தடுப்பும் வலிமையாக இருக்கும். காந்தப் புலம் சிறிது தூரமே ஊடுருவும். தாவல் நலிவாக இருந்தால் புலம் நெடுந்தூரம் நுழையும். ஊடுருவும் தூரத்தை அளந்தால் தாவலின் ஆற்றலைக் கணக்கிட்டுவிடலாம். தூரம் இரு மடங்கானால் ஆற்றல் நான்கில் ஒன்றாகும்.

ஒரேயொரு தாமிரத் தளமும், 85 கெல்வின் அளவில் மாறுநிலையும் கொண்ட தாலியம்-பேரியம்-தாமிர ஆக்சைடு இச்சோதனைக்கு உகந்த பொருள். ஆண்டர்சனின் கொள்கைப்படி அதில் ஊடுருவல் தூரம் சுமார் ஒரு மைக்ரான் இருக்கவேண்டும். 1998-இல் இரு குழுக்கள் தனித்தனி முறைகளில் அளந்து முடிவுகளை வெளியிட்டன. அப்போது பிரின்ஸ்டனில் இருந்த காத்தரின் மோலரும் அவர் குழுவினரும், தளங்களுக்கிடையே சிக்கிய காந்தச் சுழல்களை நுண்ணிய காந்தமானியால் படமெடுத்தனர். ஹாலந்து நாட்டில் வான் டெர் மாரெல் குழுவினர் அகச்சிவப்பு ஒளியின் எதிரொளிப்பைக் கொண்டு அளந்தனர். இரண்டிலும் விடை ஒன்றேபோல வந்தது: ஒரு மைக்ரான் அன்று, ஏறக்குறைய 20 மைக்ரான்! அதாவது தாவலின் ஆற்றல், வேண்டியதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

நூலின் மற்ற பகுதிகளை விவாதித்துக்கொண்டே இருக்கலாம். இதில் விவாதத்திற்கு இடமில்லை. ஆண்டர்சனும் இதைப் பிடித்துக்கொண்டு தொங்கவில்லை. 2004-இல் அவர் ராண்டேரியா, திரிவேதி, லீ, ரைஸ், ஜாங் ஆகியோருடன் எழுதிய கட்டுரையில் இடைத்தளத் தாவல் முதன்மைக் காரணமாக இடம்பெறவில்லை. 1987-இன் ஆர்.வி.பி. கருத்தே எளிய வடிவில் மீண்டும் வந்தது. டி வடிவமும், கலப்பைப் பொறுத்து மாறுநிலை வெப்பநிலை குன்றுபோல ஏறி இறங்குவதும் அதிலிருந்து இயல்பாகவே கிடைத்தன. இடைத்தளக் கொள்கையிலோ டி வடிவம் தானாக விளையவில்லை. அது எந்த வடிவத்துக்கும் இடங்கொடுத்தது.

நூலின் குறையும் நிறையும்

குறைகளைச் சொல்லிவிடுகிறேன். முதலாவது தலைப்பு. ஆங்கிலத்தில் அதன் முதற்சொல்லே, இது பல கொள்கைகளுள் ஒன்றன்று, இதுவே கொள்கை என்று அறுதியிடுகிறது. இரண்டாவது, மாற்றுக் கருத்தினரை நூல் நிதானமாக எதிர்கொள்வதில்லை. காந்த அலைவுகளே பசை என்று வாதிட்ட ஸ்கலாப்பினோ முதலியோர், டி வடிவத்தை சோதனைக்கு முன்பே எதிர்பார்த்தவர்கள். அவர்களுக்குரிய இடத்தை நூல் தரவில்லை. மூன்றாவதே பெரிய குறை: தேறிய மூன்றையும் தேறாத ஒன்றையும் ஒரே உறுதியான குரலில் ஆசிரியர் சொல்லுகிறார். எது சோதனையால் நிலைபெற்றது, எது தம் ஊகம் என்று மாணவர் பிரித்தறிய வழியில்லை. ஆறுக்கும் ஒரே பெயர், ஒரே மரியாதை! நோபல் பரிசு பெற்றவர் சொன்னதால் ஆறையும் மனப்பாடம் செய்த மாணவர் ஒருவர் 1997-இல் இருந்திருந்தால், மறு ஆண்டே அவர் ஏமாந்திருப்பார்.

நிறை என்ன? தோற்ற ஆறாவதுதான். புதிர் போடுகிறேன் என்று எண்ணாதீர்கள். இத்துறையில் 1987 முதல் முளைத்த கொள்கைகள் ஏராளம். அவற்றுள் பல, எந்தச் சோதனை வந்தாலும் ஒரு மாறிலியைச் சற்றே திருகி ஒத்துப்போகக் கூடியவை. அத்தகைய கொள்கை தோற்பதில்லை. ஆகவே நமக்கு ஒன்றையும் கற்பிப்பதுமில்லை. ஆண்டர்சனோ தம் கொள்கைக்கு ஓர் எண் வைத்தார். எண் வைத்ததால்தான் அளக்க முடிந்தது; அளந்ததால்தான் ஒரு பாதை மூடியது. அவ்வழியே இனி எவரும் காலத்தை வீணாக்கத் தேவையில்லை. அதை மூடியவர்களுள் ஒரு குழுவினர் அவருடைய பல்கலைக்கழகத்திலேயே இருந்தார்கள் என்பதை நான் மாணவர்களிடம் தவறாமல் சொல்வதுண்டு. பெரியவர் சொன்னார் என்பதற்காக அவர்கள் அளக்காமல் விட்டுவிடவில்லை.

வழக்கு இன்னும் முடியவில்லை. ஹப்பர்டு மாதிரியின் மிக எளிய வடிவில், உச்சக் கலப்புக்கு அருகே மீக்கடத்தல் நிலைபெறவில்லை என்று 2020-இல் வெளியான பெரிய கணிப்பொறிக் கணக்கீடு ஒன்று காட்டியது. சதுரத்தின் மூலைவிட்டத்தில் எலெக்ட்ரான் தாவுவதையும் சேர்த்துக்கொண்டால் மீக்கடத்தல் தோன்றுகிறது என்று 2024-இல் வெளியான மற்றொன்று காட்டியது. இவ்வளவு சிறு மாற்றம் இவ்வளவு பெரிய விளைவைத் தருகிறது. விலக்குவிசையிலிருந்து இணைப்பு பிறக்கலாம் என்ற அடிப்படை எண்ணம் வலுப்பெற்று வருகிறது. எல்லோரும் ஒப்புக்கொள்ளும் முழுக் கொள்கை இன்னும் இல்லை.

எனவே, இயற்பியல் பயிலும் மாணவர்களே, இந்த நூல் கையில் கிடைத்தால் படியுங்கள். தொடக்கநிலை மாணவருக்கு எளிதான நூல் அன்று. இளங்கலை முடித்து, குவாண்டம் இயக்கவியல் ஓரளவு கைவந்த பிறகு எடுப்பது நலம். படிக்கும்போது பக்கத்தில் ஒரு தாளை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கூற்றுக்கும் எதிரே “இது அளக்கப்பட்டதா? எண் என்ன? வேறு எண் வந்தால் ஆசிரியர் என்ன செய்வார்?” என்று மூன்று கேள்விகளை எழுதுங்கள். மூன்றாம் கேள்விக்கு விடையுள்ள பக்கங்களே நூலின் சிறந்த பக்கங்கள். அவற்றுள் சில தவறாகவும் இருக்கும், அதனால் குற்றமில்லை.

கல்லூரி ஆசிரியர் ஒருவர் ஆண்டர்சனைக் குறைகூறலாமா என்ற கேள்விக்கு இப்போது உங்களுக்கே விடை தெரிந்திருக்கும். ஆறாம் கொள்கையைத் தள்ளியது நான் அல்லேன். 20 மைக்ரான் என்ற அளவு. அந்த அளவின் முன்னே பேராசிரியரும் மாணவரும் ஒன்றே. அடுத்த ஆண்டு அந்தக் கேள்வி மீண்டும் எழும்போது, மணி அடிக்கும் வரை நான் காத்திருக்கப்போவதில்லை. பாடநூலின் கடைசிப் பக்க அட்டவணைக்குக் கீழே உள்ள வெற்றிடத்தில் இந்த ஆறு கொள்கைகளையும் மாணவர்களையே எழுதிக்கொள்ளச் சொல்வேன். எதிரே மதிப்பெண் இடுவதும் அவர்கள் வேலைதான்.